கப்பல் பாகங்களுக்குத் தமிழ்ப் பெயர் – பினாங்கு நண்பர்களே, உதவி தேவை

வணக்கம். இங்குள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றுக்காகக் கப்பல் படம் ஒன்றில் பெயர் எழுதுகிறோம். முன்முனைக்கு அணியம், அடிமரத்துக்கு ஏரா, பாய் கட்டும் குறுக்குக் கழிக்குப் பருமல், அதை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான், பிறகு சுக்கான், நங்கூரம் என்று வைத்திருக்கிறோம். மலாயில் அணியத்தை ஹாலுவான், ஏராவை லூனாஸ் என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது. நங்கூரத்துக்கு மலாய்ச் சொல்லை (sauh) மட்டும் தமிழில் எழுத வேண்டாம், 'சாவு' மாதிரியே இருக்கும்!

சிக்கல் மூன்று இடத்தில்.

கப்பலின் ஒரு பக்கத்தைக் குறிக்கும் 'போர்ட்' என்பதை வெறும் 'இடப்பக்கம்' என்று எழுதினால் தப்பு. அணியத்தைப் பார்த்து நிற்பவரின் இடப்பக்கம்தான் அது. பின்னோக்கி நிற்பவருக்கு அது வலக்கைப் பக்கம் வரும். ஆனாலும் இரவில் பக்கம் காட்டும் சிவப்பு விளக்கு எரிவது அங்கேதான். ஒரே சொல்லில் இதற்குப் பழைய பெயர் உண்டா? முன்பு இங்கிருந்து பட்டர்வொர்த் போய்வந்த பழைய ஃபெரிக்கோ இரண்டு முனையும் ஒன்றுபோல. அதில் அணியம் எது என்று எப்படிக் குறிப்பது?

அடுத்து, 'பல்க்ஹெட்'. 'சுவர்' என்றால் அறைச்சுவர் என்று நினைத்துவிடுவார்கள். ஒரு பகுதியில் புகும் நீர் அடுத்த பகுதிக்குப் போகாமல் தடுப்பது அது.

'பில்ஜ்', கப்பலின் அடிவயிற்றில் கசிவு நீரும் எண்ணெயும் தேங்கும் இடம். 'அடித்தளம்' பொருந்தாது.

நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணப் பக்கம் படகு கட்டும் சொந்தங்கள் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். அகராதிச் சொல்லைவிட வாயில் புழங்கும் சொல்தான் வேண்டும். எந்த ஊர் வழக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.