அதிகாலை மூன்று மணிப் படபடப்பு: நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

தூக்கம் தொலைத்தவன்:
மூன்று வாரங்களாக இதே கதை. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, கூடவே நெஞ்சுப் படபடப்பும். முதல் நாள் மேலாளர் "நாளை கொஞ்சம் பேச வேண்டும்" என்று ஒரு வரி அனுப்பியிருப்பார். அதைப் பிடித்துக்கொண்டு, விடிவதற்குள் வேலையையும் இழந்து வீட்டையும் காலி செய்துவிடுகிறேன். காலையில் போனால் விடுப்புப் பட்டியலைப் பற்றிப் பேசுவார். ஆழமாக மூச்சை இழுக்கச் சொல்கிறார்கள். இழுக்க இழுக்கத் தலைதான் சுற்றுகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. அன்றாடம் நீங்கள் கடைப்பிடிப்பது ஏதாவது உண்டா?

பிழைதிருத்தும் கை:
விரல் மரத்துப்போனதும் மாரடைப்பு என்று நினைத்து நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடியவள் நான். இசிஜி சரியாக இருந்தது. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுமாம். கிறுகிறுப்பும் மரப்பும் அதனால்தான் என்றார் மருத்துவர். ஆகவே இழுப்பதை விட்டுவிடுங்கள். மெதுவாக வெளியே விடுவதில்தான் விஷயம் இருக்கிறது. நான் நான்கு எண்ணி இழுப்பேன், ஆறு அல்லது ஏழு எண்ணி விடுவேன். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும்.

இன்னொன்று, கவலைக்கு நேரம் குறித்துக் கொடுத்தேன். மாலை ஆறு மணி, பதினைந்து நிமிடம். மற்ற நேரத்தில் எது வந்தாலும் நோட்டில் ஒரு வரி எழுதி, "ஆறு மணிக்கு வா" என்று அனுப்பிவிடுவேன். முதல் வாரம் எனக்கே சிரிப்பாக இருந்தது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு "கதவைப் பூட்டினேனா?" என்று எழுதியிருந்தேன். மாலையில் அந்த வரியைப் படித்தபோது, பூட்டிய கதவை நானே திறந்து உள்ளே வந்து உட்கார்ந்திருந்தேன்! எல்லாக் கவலையும் இப்படிக் காலாவதி ஆகிவிடாது. அம்மாவின் உடல்நிலை தினமும் நோட்டில் வந்து நின்றது. அதற்குக் கவலைப்பட்டால் போதாது, அண்ணனிடம் பேச வேண்டும் என்பது ஐந்தாம் நாள்தான் உறைத்தது.

சுருக்கமாகச் சொல்பவர்:
மாலைக் காபியை நிறுத்திப் பாருங்கள். காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கடிகாரத்தையும் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள். மணி பார்ப்பதே ஒரு வியாதி.

மறுத்துப் பேசுபவர்:
மேலே சொன்னவை நல்லவைதான். ஆனால் எல்லாவற்றையும் மனத்தின் தலையில் கட்டிவிட வேண்டாம். எனக்கு ஓராண்டு படபடப்பும் கை நடுக்கமும் இருந்தன. பயந்த சுபாவம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகமாகச் சுரப்பது தெரிந்தது. மூன்று வாரம் தூக்கம் கெட்டிருக்கிறது என்கிறீர்கள். ஒரு முறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மாத்திரை எழுதினாலும் அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

தூக்கம் தொலைத்தவன்:
நன்றி. பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டேன். நேற்றும் விழிப்பு வந்தது, கடிகாரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மணி தெரியவில்லை. இருட்டிலேயே நோட்டில் எழுதினேன். காலையில் பார்த்தால் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. இன்று ஆறு மணிக்கு எதைப் பற்றிக் கவலைப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கப் போகிறேன்.