மறு: சைட்டோமெட்ரியில் ‘கேட்’: வாயிலா, படலையா, பாத்தியா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம்.

> ‘கேட்’ என்பதற்கு ‘வாயில்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

எனக்கு இதில் உடன்பாடில்லை. சைட்டோமெட்ரித் துறைக்கு வெளியே இருப்பவர்களும் குழுமத்தில் உண்டு என்பதால் வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியில் இரத்தச் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடக்கின்றன. நேரே சிதறும் ஒளி செல்லின் பருமனையும், பக்கவாட்டில் சிதறும் ஒளி அதன் உள்ளிருக்கும் துகள்களின் செறிவையும் ஏறத்தாழக் காட்டும். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி3, சிடி4, சிடி8 போன்ற புரதங்களில் போய் ஒட்டிய சாயமேற்றிய எதிர்ப்பொருள்கள் எவ்வளவு ஒளிர்கின்றன என்பதும் பதிவாகும். ஒரு செல்லுக்கு ஒரு வரி. 1984இல் முதன்முதலாக வரையறுக்கப்பட்ட எஃப்சிஎஸ் என்ற கோப்பு வடிவத்தில் இலட்சக்கணக்கான வரிகள் வந்து சேரும். அவற்றை வரைபடத்தில் புள்ளிகளாக இட்டு, நமக்கு வேண்டிய கூட்டத்தைச் சுற்றி ஒரு கோடு போடுகிறோம். கோட்டுக்குள் விழுந்தவற்றை மட்டும் எடுத்து, வேறு இரண்டு அளவுகளை வைத்து மறுபடியும் வரைந்து, மறுபடியும் கோடு போடுகிறோம். ஒட்டிக்கொண்டு வந்த இரட்டைச் செல்களையும் இறந்த செல்களையும் ஒதுக்கியபின் சிடி3 உள்ளவை, அவற்றுக்குள் சிடி4 உள்ளவை என்று அது உள்ளே உள்ளே போகும். இதுதான் ‘கேட்டிங்’.

இந்தப் பகுப்பாய்வில் எந்தச் செல்லும் எதன் வழியாகவும் நுழைவதில்லை. கோப்பில் இருந்த வரி இருந்த இடத்திலேயே இருக்கிறது; எல்லைக்கு உள்ளே சேர்த்தியா, வெளியே சேர்த்தியா என்பதுதான் கேள்வி. வாயில் என்றதும் தமிழ் வாசகர் கடந்து செல்லும் வழியை நினைப்பார். போதாததற்கு மின்னணுவியலில் தருக்க வாயில் (லாஜிக் கேட்) ஏற்கெனவே நிலைத்துவிட்டது. செல் சவ்வில் அயனித் தடங்கள் திறந்து மூடுவதற்கு வாயில் என்ற சொல் மிகச் சரியாகப் பொருந்தும். நோயெதிர்ப்பியல் கட்டுரை ஒன்றிலேயே இரண்டும் வரக்கூடும் என்பதால் அங்கே அதை விட்டுவைப்போம்.

‘படலை’ (வேலிக் கதவு) அழகான சொல். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் தருக்கப் படலை என்று வழங்குவதால் அதே சிக்கல் அங்கும் உண்டு. ‘வடிகட்டல்’ கூடவே கூடாது. கருவி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, மாதிரியை உள்ளே விடும் முன் மெல்லிய வலையில் உண்மையாகவே வடிகட்டுகிறோம். செய்முறைக் குறிப்பில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மாணவர் குழம்பிப்போவார்.

என் முன்மொழிவு: பாத்தி. செயலுக்குப் பாத்தி கட்டுதல், எல்லைக்கோட்டுக்கு வரப்பு. பாத்திக்குள் பாத்தி வருவதால் தாய்ப்பாத்தி, சேய்ப்பாத்தி. வரைபடத்தை நான்காகப் பிரிப்பது நாற்பாத்தி. பெயர், வினை, எல்லை, உறவுமுறை எல்லாம் ஒரே வேரிலிருந்தும் அதன் அக்கம்பக்கத்திலிருந்தும் கிடைக்கின்றன. வாயிலிலிருந்து வரப்புக்கு இணையான சொல்லைப் பெற முடியாது. இந்தத் துறையிலோ வரப்புதான் உயிர்நாடி.

ஏன் என்று சொல்கிறேன். தடுப்பூசி ஆய்வில் டி செல்கள் என்ற வெள்ளணுக்களை வைரஸ் பெப்டைடுகளால் (புரதத் துண்டுகளால்) தூண்டி, அவை உண்டாக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் வெளியே சுரந்துவிடாமல் மருந்திட்டுத் தடுத்து, உள்ளேயே சாயமேற்றி எண்ணுவார்கள். விடை தருபவை மிகச் சில செல்களே. 50,000 சிடி4 செல்களில் 40 பாத்திக்குள் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம், அது 0.08 விழுக்காடு. வரப்பைச் சற்றே வலப்பக்கம் நகர்த்தினால் 25 ஆகலாம், 0.05 விழுக்காடு. தூண்டாத மாதிரியின் விழுக்காட்டை இதிலிருந்து கழிக்கவும் வேண்டும். ஆகவே வரப்பை எங்கே போட்டீர்கள் என்பதுதான் மதிப்பாய்வாளரின் முதல் கேள்வியாக இருக்கும்.

உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்டும் மேகக் குறிப்பேடுகள் வந்தபின் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல முடிகிறது. முன்பு சுட்டியால் இழுத்த கோடு ஆய்வகக் கணினியிலேயே தங்கிவிடும். அத்தகைய குறிப்பேடான கூகுள் கோலாபில் ஃப்ளோகிட் என்ற பைத்தான் நூலகத்தை நிறுவினால், பலகோணப் பாத்தியின் முனைகள் எண்களாகக் கண்ணெதிரே நிற்கும். வேறு ஊரில் இருப்பவர் ஓர் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். (அளவுகோல் உருமாற்றத்தையும், அதாவது அளவுகளை வரைபட அச்சில் எந்தக் கணக்கில் இடுகிறோம் என்பதையும், சேர்த்தே எழுதி வையுங்கள், அது மாறினால் அதே எண்கள் வேறு கூட்டத்தின்மேல் போய் விழும். அமர்வு முடிந்ததும் கோப்புகள் அழிந்துவிடும் என்பதால் முடிவுகளை உடனே வேறிடத்தில் சேமிப்பதும் கட்டாயம்.) பைத்தான் 3 தமிழ் மாறிப் பெயர்களை ஏற்பதால், இப்படியும் எழுதலாம்:

தாய்ப்பாத்தி = "உயிருள்ள தனிச் செல்கள்"
சேய்ப்பாத்தி = "சிடி3 உள்ளவை"

மாணவர்களுக்கான குறிப்பேட்டில் இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

> பாத்தி என்றால் சதுரமாகத்தானே இருக்கும்?

கத்தரிக்குச் சதுரமாகக் கட்டுவோம். மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி கட்டுகிறோம். நீள்வட்டப் பாத்தி என்றால் யாருக்கும் நெருடாது.

ஒன்றை மட்டும் பிரித்தே வைக்க வேண்டும். 2015இல் வெளியான ஃப்ளோசோம் போன்ற நிரல்கள் வரப்பே போடாமல், ஒத்த செல்களைத் தாமாகக் குழுக்களாகச் சேர்க்கின்றன. அதைத் தானியங்கிப் பாத்தி என்று சொல்லக் கூடாது. கொத்தாக்கம் என்றே இருக்கட்டும். நிரலே வரப்பைத் தேடிப் போட்டால் அது தானியங்கிப் பாத்தி. ‘செல்’ என்பதா, ‘கலம்’ என்பதா, ‘உயிரணு’ என்பதா என்ற வழக்கை இந்த இழையில் இழுக்க வேண்டாம். பாத்தி மூன்றோடும் சேரும்.

அடுத்ததாக ஒரு சொல்லுக்கு உங்கள் உதவி வேண்டும். வரப்பை எங்கே போடுவது என்று அறிய, சாயக் கலவையிலிருந்து ஒரே ஒரு சாயத்தை விட்டுவிட்டு மற்றெல்லாம் சேர்த்த மாதிரி ஒன்றை ஓட்டுவோம். ‘ஒன்று நீங்கிய ஒப்பீட்டு மாதிரி’ என்று இப்போதைக்கு எழுதி வருகிறேன். பொருள் சரி, நீளம்தான் உறுத்துகிறது. இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருக்கிறதா?

அன்புடன்.