புதுப்பிப்பு: மழைக்காலத்தில் பட்டறை ஈரம், காரணம் தரைதான்

ஐப்பசி மழையில் என் பத்துக்குப் பன்னிரண்டடி மரவேலைப் பட்டறையில் தேக்கு டிராயர்கள் உப்பிச் சிக்கிக்கொள்கின்றன, இழைப்புளித் தகடு இரண்டே நாளில் துருப்பிடிக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சரியாகிவிட்டது.

கைகொடுத்தது, தரையைச் சோதிக்கச் சொன்னவரின் யோசனை. இரண்டடிச் சதுர பாலிதீன் ஷீட்டை சிமெண்டுத் தரையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். மறுநாள் காலை அதன் அடியில் முத்து முத்தாக நீர்; தரையும் கறுத்திருந்தது. இத்தனை நாளும் ஜன்னலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்! தரை முழுக்கத் தடித்த ஷீட் விரித்து, ஓரங்களைச் சுவரில் நாலு விரற்கடை ஏற்றி, மேலே பிளைவுட் போட்டேன். முன்பு நாள் முழுக்க ஓடிய டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்) இப்போது இரவில் நான்கு மணி நேரம் ஓடினால் போதும். 86 சதவீதமாக இருந்த ஈரப்பதம் 60 பக்கம் நிற்கிறது.

எதிர்பாராத விஷயம், ஈரப்பதம் காட்டும் என் மீட்டரே பொய் சொன்னது. உப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சேறுபோலக் குழைத்து, மீட்டரோடு ஒரு டப்பாவில் எட்டு மணி நேரம் மூடி வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 69. மேலே சொன்ன 86, 60 இரண்டும் மீட்டர் காட்டியதோடு 6 கூட்டிய கணக்கு.

அப்புறம், மெஷின் காற்று நேராகப் பட்ட பலகை ஒன்று ஒரே வாரத்தில் கிண்ணம்போல் வளைந்துவிட்டது. திசையை மாற்றி, பலகைகளுக்கு இடையில் காற்றுப் போக ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்கியிருக்கிறேன். ஈரத்தை உறிஞ்ச வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பா இந்த அறைக்கு எடுபடவில்லை. டிராயர்களை இன்னும் இழைக்கவில்லை. தை பிறந்து அவை சுருங்கட்டும்.