லேவியராகமம் 3:9 – செம்மறி வால் "ஹேலெவ்"ல (சாப்பிடக் கூடாத கொழுப்புக்கு எபிரேயப் பேர்) சேருமா?

தோரா வாசகன்:
சமாதான பலிக்கு செம்மறி கொண்டுவந்தா குடல மூடுற கொழுப்பு, ரெண்டு கிட்னி, அது மேல உள்ள கொழுப்பு, ஈரல் சவ்வு, இதோட முழு வாலையும் எரிக்கணும்னு இருக்கு. அந்தப் பக்கத்து செம்மறி வால் அகலமா தொங்கும், உள்ள பூரா கொழுப்புதான். அப்புறம் 17ம் வசனத்துல ஹேலெவ் சாப்பிடவே கூடாதுன்னு வருது. அப்போ வாலும் தடைதானே? ரபீக்களோட (யூத மத போதகர்கள்) விளக்கத்த ஏத்துக்காம எழுதின வேதத்த மட்டும் பின்பற்றுற காரைட் யூதர்கள் அப்படித்தான் சொல்றாங்க, எனக்கு அதான் சரியா படுது.

எஸ்றா79:
ஹேலெவ்னா சிறந்ததுங்க. எண்ணாகமம் 18:12ல எண்ணெய், திராட்சரசத்துக்குகூட அதே வார்த்தைதான்.

தோரா வாசகன்:
அங்க சரி பிரதர். ஆனா லேவியராகமத்துல கிட்னி மேலன்னு இடத்தையே காட்டுறப்போ சிறந்ததுன்னு எப்படி படிப்பீங்க? 7:25ல இத சாப்பிட்டா ஜனத்துல இருந்து அறுப்புண்டு போவான்னு இருக்கு, அவ்ளோ பெரிய தண்டனை.

மோவாப்காரி:
தண்டனை பெருசுங்கறதாலதான் எல்லைய கறாரா பாக்கணும். பலிபீடத்துல எரிச்சதெல்லாம் ஹேலெவ்னா கிட்னியும் ஈரல் சவ்வும்கூட தடையாகணும், ஆனா அதுகள ஹேலெவ்னு வசனம் சொல்லலயே. 7:23 மாடு, செம்மறி, வெள்ளாடு மூணையும் சேத்து சொல்லுது, மூணுக்கும் பொதுவா இருக்கற கொழுப்புதான் தடை, கொழுத்த வால் செம்மறிக்கு மட்டும்தானே, அதனால வால் சேராதுன்னு யூத சட்ட விவாதத் தொகுப்பான தால்முத்ல ஹுல்லின் பகுதில ரபீக்கள் சொல்லிட்டாங்க. ஹேலெவ்வுக்கு அவங்க சொல்ற அடையாளமும் பாருங்க, மேல மெல்லிசா ஒரு ஜவ்வு இருக்கும், சதையோட பின்னாம தனியா உரிஞ்சு வரும். சதையோட ஒட்டுன கொழுப்புக்கு பேரே வேற, ஷூமான், அத சாப்பிடலாம்.

தோரா வாசகன்:
ஷூமான் ரபீக்கள் பிரிச்ச பிரிவு, அந்த சட்டத்துல அந்த வார்த்தையே இல்ல. கிட்னிய எங்கயும் ஹேலெவ்னு சொல்லல, ஒத்துக்கறேன். ஆனா 3:9 எபிரேயத்துல "அதின் கொழுப்பு, வால் முழுசா"ன்னு அடுத்தடுத்து நிக்குது, நடுவுல "உம்" கிடையாது, நம்ம தமிழ் பைபிள்லதான் கொழுப்பையும் வாலையும்னு தனித்தனியா வருது. எபிரேயத்துல வாலே அந்தக் கொழுப்புதான்.

மோவாப்காரி:
ஒரு வசனத்துல "உம்" இல்லன்னு இவ்ளோ கட்டறீங்க. யாத்திராகமம் 29:22 எடுங்க, ஆசாரியர பிரதிஷ்டை பண்ற ஆட்டுக்கடா. எபிரேயத்துலயே கொழுப்பும் வாலும்னு "உம்" போட்டிருக்கு. லேவியராகமம் 8:25லயும் அப்படித்தான். வால் ஹேலெவ்வே தான்னா ரெண்டு இடத்துலயும் எதுக்கு பிரிச்சு சொல்லணும்?

தோரா வாசகன்:
அதே 29:22ல கொழுப்பும் வாலும்னு சொல்லிட்டு உடனே குடல மூடுற கொழுப்பும்னு மறுபடி வருதே. அப்போ குடல் கொழுப்பும் ஹேலெவ் இல்லயா? மொதல்ல பொதுவா சொல்லிட்டு அப்புறம் ஒவ்வொண்ணா எண்ணுறாங்க, அந்த எண்ணிக்கைல மொத ஆளே வால்தான்.