பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வாடகை வீட்டிலோ பி.ஜி. விடுதியிலோ மாலிலோ அடிபட்டால் யார் பொறுப்பு?

தொடக்கப் பதிவு

வீடு பார்க்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் எத்தனை மாதம், தண்ணீர் காவிரியா போர்வெல்லா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று எல்லாம் கேட்கிறார்கள். சம்ப் (தரைக்குக் கீழே உள்ள தண்ணீர்த் தொட்டி) மூடிக்குப் பூட்டு இருக்கிறதா என்று கேட்பவர் அபூர்வம். மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலில் கம்பி வைத்த பிறகுதான் "ஓனர் மேல கேஸ் போடலாமா?" என்ற கேள்வி வருகிறது. அதற்கான பதில்களைச் சேர்த்துவைக்கத்தான் இந்த இழை.

முதலில் ஒன்று. இங்கிலாந்தில் இதற்கென்றே 1957-இல் தனிச்சட்டம் போட்டார்கள். இந்தியாவில் அப்படி ஒரே சட்டம் கிடையாது. கவனக்குறைவுக்கான சிவில் வழக்கு, நுகர்வோர் ஆணையம், பாரதிய நியாய சம்ஹிதா (பி.என்.எஸ்., ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) என்று மூன்று வழி உண்டு. எதில் போவது என்பது நீங்கள் அங்கே யாராக நின்றீர்கள் என்பதைப் பொறுத்தது: வாடகைக்காரரா, காசு கொடுத்த வாடிக்கையாளரா, சும்மா வந்த விருந்தாளியா?

அல்சூரிலிருந்து

பத்திரத்தில் யார் பெயர் என்று தேடுவதைவிட, பழுதான பொருள் யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்று பாருங்கள். படிக்கட்டு, மொட்டை மாடி, சம்ப், மோட்டார் ரூம், லிஃப்ட் எல்லாம் பொது இடம். தனிக் கட்டடமென்றால் அதன் பராமரிப்பு ஓனர் கையில், அபார்ட்மென்டில் அசோசியேஷன் கையில். பிளாட் ஓனர் துபாயில் உட்கார்ந்திருக்க, லாபியில் ஈர டைல்ஸில் நீங்கள் விழுந்தால், அவரிடம் சண்டை போட்டு என்ன பயன்? அசோசியேஷனுக்கும் பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்கும் எழுதுங்கள்.

வீட்டுக்குள்ளே கதை வேறு. சொத்து மாற்றச் சட்டம் 108-ஆம் பிரிவின்படி, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறை ஓனருக்குத் தெரிந்திருந்தால் அதை முன்னமே சொல்லிவிட வேண்டும். சுவருக்குள் எர்த் இல்லாத வயரிங் நல்ல உதாரணம். ஆனால் ரிப்பேர் செய்து தரும் கடமை தானாக அவர் தலையில் விழுவதில்லை, ஒப்பந்தத்தில் இருந்தால்தான். பதினோரு மாத அக்ரிமென்டில் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "கட்டட அமைப்பு, மின்சார வயரிங், கைப்பிடி, பால்கனி கிரில், சம்ப் மூடி ஆகியவற்றின் பழுதை எழுத்தில் தெரிவித்த 7 நாளுக்குள் உரிமையாளர் தம் செலவில் சரிசெய்வார்." அப்புறம் தாமதித்தால் நீங்களே சரிசெய்து வாடகையில் கழிக்க அதே 108-ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்த வரிக்கு முகம் சுளிக்கிற ஓனரைப் பற்றி, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஒரு விஷயம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டோரம் நடப்பவர் மேல் கட்டடத்தின் பகுதி விழுந்தால் சட்டம் இன்னும் கடுமை. தில்லி சாந்தினி சௌக்கில் 1951-இல் மணிக்கூண்டு இடிந்து ஆட்கள் இறந்தார்கள். கட்டி 80 வருடம் ஆகியிருந்தது. அதன் ஆயுளோ 40, 45 வருடம்தான். 1966-இல் உச்ச நீதிமன்றம், குறை வெளியே தெரிந்ததா உள்ளே மறைந்திருந்ததா என்பது முக்கியமில்லை, பொது வழியை ஒட்டிய கட்டடத்தைச் சோதித்துப் பராமரிப்பது உரிமையாளர் கடமை என்றது. மேல்மாடி சஜ்ஜா (ஜன்னல் மேல் நீட்டிய சன்ஷேட்) பெயர்ந்து விழுவதற்கும் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைத்தான் எடுப்பார்கள்.

கேள்வி, ராமமூர்த்தி நகரிலிருந்து

அண்ணா, தம்பி பி.ஜி.யில் இருக்கான். பாத்ரூம் கீசரில் ஷாக் அடிச்சுக் கீழே விழுந்து கை உடைஞ்சிருச்சு. "அவரவர் சொந்தப் பொறுப்பு" என்று வாசலிலேயே போர்டு இருக்கு. ஒண்ணும் பண்ண முடியாதா?

மடிவாளாவிலிருந்து

போர்டைப் பார்த்து பயப்படாதீங்க. ஹோட்டல் ஆளே காரை வாங்கி நிறுத்தும் வேலே பார்க்கிங்கில் கார் திருடுபோன வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம், கவனக்குறைவு இருந்தால் "ஓனர் ரிஸ்க்" என்று அச்சடித்த சீட்டு காப்பாற்றாது என்றது. அது கார், உங்களுடையது கை. வாதம் அதேதான்.

பி.ஜி.க்கு மாதம் காசு கொடுப்பவர் சேவை பெறும் நுகர்வோர். அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போகலாம். வெறும் வீட்டு வாடகைத் தகராறை அங்கே பொதுவாக எடுக்க மாட்டார்கள், இந்த வித்தியாசத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எந்த ஆணையம் என்பது கேட்கும் நஷ்ட ஈட்டை வைத்தில்லை, கொடுத்த கட்டணத்தை வைத்து: 50 லட்சம் வரை மாவட்டம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமே இல்லை. ஊருக்குத் திரும்பிவிட்டாலும் கவலையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே மனு போட விடுகிறது. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கீசர் விஷயத்தில் இன்று இரவே செய்ய வேண்டியது: டிஸ்ட்ரிபியூஷன் பெட்டியைத் திறந்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, கீசர் பிளக்கில் எர்த் வருகிறதா என்று போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். எம்.சி.பி. (லோடு அதிகமானால் விழும் சுவிட்ச்) மட்டும் இருந்தால் அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து மாட்டிவிடுவார்கள்; அப்புறம் "எப்பவும் இருந்ததுதான் சார்" என்பார்கள்.

சிவில் கோர்ட் பக்கத்திலிருந்து

மேலே சொன்ன போட்டோதான் பாதி வழக்கு. மீதியை வரிசையாகச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்கும்போது "கீழே விழுந்துட்டேன்" என்று முடித்துவிடாதீர்கள். "இன்ன முகவரியில், விளக்கில்லாத படியில், கைப்பிடி உடைந்திருந்ததால் விழுந்தேன்" என்று கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள், எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்கும் மருத்துவப் பதிவு) பதியச் சொல்லுங்கள். எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் புரட்டுவது அந்தத் தாளைத்தான். போலீஸ் கேட்டால் ஆஸ்பத்திரி ஊண்ட் சர்ட்டிபிகேட் (காயச் சான்றிதழ்) தரும். எலும்போ பல்லோ உடைந்தால், அல்லது 15 நாள் கடும் வலி இருந்தாலோ வழக்கமான வேலை பார்க்க முடியாமல் போனாலோ, பி.என்.எஸ். 116-இன்படி அது கொடுங்காயம். கவனக்குறைவால் சாதாரணக் காயம் என்றால் 125(ஏ), 6 மாதம் வரை. கொடுங்காயம் என்றால் 125(பி), 3 வருடம் வரை. கட்டும்போதோ இடிக்கும்போதோ தடுப்பு வைக்காமல் ஆபத்து உண்டாக்கினால் 290. உயிர் போனால் 106. இவையெல்லாம் 1.7.2024 முதல் நடந்தவற்றுக்கு; அதற்கு முந்தையதற்குப் பழைய ஐ.பி.சி.தான்.

ஸ்டேஷனில் ஸ்பாட் மஹஜரை (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் அறிக்கை) கன்னடத்தில் எழுதுவார்கள். படிக்கத் தெரியாதவர், தெரிந்த ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். படி உயரம், கைப்பிடி இல்லாத நீளம், பல்ப் எரிந்ததா என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம், எல்லை எங்களுடையதில்லை என்று திருப்பி அனுப்பினால் எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய ஜீரோ எப்.ஐ.ஆர். கேளுங்கள்.

சி.சி.டி.வி. பதிவு தானாக அழிந்து மேலே புதியது ஏறும். இரண்டு நாளுக்குள் அசோசியேஷனுக்கோ கடைக்கோ மின்னஞ்சலில், தேதி நேரம் கேமரா இடம் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாத்துவைக்கச் சொல்லுங்கள். கேட்ட பிறகும் அழிந்தால், ஏன் அழிந்தது என்று அவர்கள்தான் கோர்ட்டில் சொல்ல வேண்டிவரும். உங்கள் போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) எழுத வேண்டும். மூலக் கோப்பு எடுத்த போனிலேயே இருந்தால் வேலை சுலபம்.

ஓனர் ஆஸ்பத்திரிக்கே வந்து பணம் நீட்டினால் தாராளமாக வாங்கலாம். ரசீதில் "மருத்துவச் செலவுக்காக இடைக்காலமாகப் பெற்றுக்கொண்டது" என்று எழுதுங்கள். "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போட்டால் பின்னால் கதவு மூடிவிடும்.

சிவில் வழக்குக்குக் காலக்கெடு 3 வருடம். மரணமென்றால் குடும்பத்தார் 2 வருடத்துக்குள் போட வேண்டும். கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையைப் பொறுத்து ஏறும். கட்ட வழியில்லாதவருக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 33 உண்டு, அது கட்டணம் கட்டாமலே வழக்குப் போட விடும். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும், 15100-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி, கே.ஆர்.புரத்திலிருந்து

எவ்வளவு கிடைக்கும் சார்?

சிவில் கோர்ட் பக்கத்திலிருந்து

தொகை கணக்கில் வரும், அனுதாபத்தில் வராது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் (2011) என்ற சாலை விபத்துத் தீர்ப்பின் முறையையே மற்றக் காய வழக்குகளிலும் வழிகாட்டியாக எடுத்துக்கொள்வது வழக்கம். உதாரணத்துக்கு வயது 32, மாதச் சம்பளம் 40,000. எலும்பு டாக்டர் காலுக்கு 30 சதவீத ஊனம் என்று தருகிறார். அதை அப்படியே பெருக்கக் கூடாது. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதே கேள்வி. மேஜை வேலைக்காரருக்கு அது 10 சதவீதம் என்று கோர்ட் எடுத்தால்: ஆண்டு வருமானம் 4,80,000; அதில் பத்து சதவீதம் 48,000; 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கி (வயதை வைத்துப் பெருக்கும் எண்) 16; ஆக 7,68,000. மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் சம்பளம், வலிக்கான தொகை இதற்கு மேலே. அதே தீர்ப்பு, ஒரு கையை இழந்த டிரைவருக்கோ தச்சருக்கோ இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம், அரசு குமாஸ்தாவுக்கு வேலையே போகாமலிருக்கலாம் என்று விளக்குகிறது. அதனால் பில்களோடு சம்பளச் சீட்டு, லீவு எடுத்த கடிதம், இப்போது செய்ய முடியாத வேலைகளின் பட்டியல் எல்லாம் சேருங்கள்.

உங்கள் தவறும் இருந்தால், செல்போன் பார்த்துக்கொண்டே இறங்கினீர்கள் என்று நிரூபித்தால், அந்தப் பங்கு கழியும். முழுவதும் போகாது.

எச்.ஏ.எல். பக்கத்திலிருந்து, ஓனர்களுக்கு

இங்கே இரண்டு தலைமுறையாக இருந்து, மேலே இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

சம்ப் மூடி கீலோடும் பூட்டோடும் இருக்கட்டும். சும்மா மேலே வைத்த தகடு, தண்ணீர் லாரிக்காரர் பைப்பை எடுத்த பிறகு சரியாக மூடாது; விளையாட வரும் குழந்தைக்கு அது போதும். மாடிக் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது; குறைவாக இருந்தால் மேலே பைப் ரெயிலிங் வையுங்கள், பூந்தொட்டி வேண்டாம். கேஸ் கீசரும் சிலிண்டரும் பாத்ரூமுக்கு வெளியே. உள்ளே மாட்டினால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயங்கும்வரை குளிப்பவருக்குத் தெரியாது. லிஃப்ட் இருந்தால் 2012 கர்நாடக லிஃப்ட் சட்டப்படி உரிமம் வேண்டும், ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) ரசீது மட்டும் போதாது.

செப்டிக் குழிக்குள் ஆளை இறக்காதீர்கள். பாதுகாப்புச் சாதனமில்லாமல் இறக்கினால் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி முதல் தடவைக்கே 2 வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டுமேகூட விதிக்கலாம். கழிவுநீர் வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டுமென்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

திருடனுக்காக வேலியில் கரண்ட் விடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கழிப்பறைக்கு அத்துமீறி வருவோரைத் தடுக்கத் திறந்த கம்பியில் மின்சாரம் விட்டு ஒரு பெண் இறந்த வழக்கில், பீகார் வீட்டுக்காரரின் தண்டனையை 1963-லேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. அத்துமீறியவர் என்பதால் கொல்ல உரிமை வராது.

அல்சூரிலிருந்து

இன்ஷூரன்ஸ் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. 1991-ஆம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் இடங்களுக்கு மட்டும். அசோசியேஷன் வாங்க வேண்டியது தொழிற்சாலை சாராத பொதுப் பொறுப்பு பாலிசி. லிஃப்ட், நீச்சல் குளம், வாட்ச்மேன் மூலம் வரும் காயம் ஆகிய மூன்றும் அதில் சேருகிறதா என்று விலக்குப் பட்டியலில் பாருங்கள். நீங்களே வேலைக்கு வைத்த ஆள் அடிபட்டால் அதற்குத் தனிப் பாலிசி. சாதாரண வீட்டுத் தீ பாலிசி கட்டடத்துக்கும் பொருளுக்கும்தான், வந்தவர் கால் உடைவதற்கு இல்லை.