மேரி கட்டடம்: மரபுச் சின்னமா, நகலா?

கடற்கரைவாசி:
புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1870-71இல் கட்டப்பட்ட மேரி, அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே இடத்தில் அதே தோற்றத்தில் எழுப்பப்பட்ட கட்டடம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இதை மரபுக் கட்டடம் என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டுவிட்டு, விழுந்தபின் அதன் முகப்பைப் போலவே ஒன்றைக் கட்டுவது பாதுகாப்பு ஆகாது.

பெரியவாய்க்கால்:
ஐயா, பராமரிப்பைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் திரும்பக் கட்டியது என்பதற்காக ஒதுக்குவதானால், பிரெஞ்சுக்காரர் குடியிருந்த கடலோரப் பகுதியான வெள்ளை நகரம் முழுவதையுமே ஒதுக்க நேரிடும். 1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலியிடமிருந்து ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள்; 1765இல் ஊர் கைக்கு வந்தபின் பிரெஞ்சுக்காரர்கள் புதிதாக எழுப்பிய நகரத்தின் தெருக்களில்தான் இன்று நாம் நடக்கிறோம். என் பெற்றோரின் திருமணம் பதிவானது மேரியில். கடலைப் பார்த்து நின்ற அந்த வரிசைத் தூண்கள் இல்லாமல் வெறுமையாகக் கிடந்த மனையை ஆறு ஆண்டுகள் கடந்து சென்ற எனக்கு, அவை மீண்டும் எழுந்தது சிறிய செய்தி அல்ல.

கடற்கரைவாசி:
உங்கள் உணர்வை மதிக்கிறேன். எனினும் 1765க்குப் பின் கட்டியவர்களிடம் அதே சுண்ணாம்பும் அதே கைப்பழக்கமும் இருந்தன. அது அறுந்துபோவதே என் கவலை. கிளிஞ்சல் சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து, முட்டை வெள்ளைக்கரு கலந்த கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர், உப்புக் காற்றின் ஈரத்தை வாங்கித் திரும்ப வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் பொடியாக உதிர்ந்துவிடும். இந்த வேலை தெரிந்த கொத்தனார் அருகிவரும்போது, வெள்ளை நகரத்தையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழ் வீடுகளுக்கே முதல் உரிமை தர வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டைப் பாருங்கள்: கீழே மரத்தூண் நிறுத்திய முற்றம், மேலே ஐரோப்பிய பாணியில் காரைத்தூண்கள். ஒரே கூரைக்குள் பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் இருக்கிறது. அதே பிள்ளை, 1748இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளெக்சின் ஆட்சியில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதையும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கடற்கரை முகப்புகளை மட்டும் காப்பாற்றினால் இந்தப் பாதி வரலாறு கண்ணில் படாமலே போய்விடும்.

திண்ணைவீட்டுக்காரர்:
அப்படியொரு வீட்டில் குடியிருப்பவன் என்ற முறையில் இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அது உண்மையிலேயே நல்ல பணி. ஆனால் தெருவில் நிற்பவருக்குத் தெரிவது திண்ணையும் தாழ்வாரமும்தான். எங்கள் வீட்டின் மேல்தளம், தேக்கு உத்திரங்களின்மீது மெல்லிய செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் தளம். ஒரு உத்திரத்தைக் கரையான் அரித்துவிட்டது. வீட்டுக்குப் பங்காளிகள் ஐந்து பேர். இடித்து அடுக்குமாடி கட்டினால் ஆளுக்கொரு வீடு என்கிறார்கள், அவர்கள் கேட்பதில் தவறு காண முடியவில்லை. இடிக்கக் கூடாது என்று சொல்பவர்கள் அந்த உத்திரத்தின் விலையில் பாதியையாவது ஏற்க முன்வந்தால் நான் அவர்களிடம் பேசிப் பார்ப்பேன். இப்போதைக்கு அதற்குக் கீழே சவுக்குக் கழி முட்டுக்கொடுத்து நிற்கிறது.