பார்த்து ரசித்ததை நாமே தைத்தோம், நாமே கோத்தோம்: அனுபவப் பகிர்வு

கோவையிலிருந்து:

பெரிய வடிவமைப்பாளர்களின் உடையையோ நகையையோ படத்தில் பார்த்துவிட்டு, அதைப்போல் ஒன்றை வீட்டிலேயே செய்துகொண்டவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். எந்தக் கடையில் என்ன விலை என்பதைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். துணியை விரித்து உட்கார்ந்தபோது என்ன நடந்தது, யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை இங்கே எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

என் அம்மாவின் கல்யாணப் புடவை, அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு, மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்தது. பழைய பட்டு வாங்க வருபவரிடம் போட்டுவிடலாம் என்றார்கள் வீட்டில். அவர்களுக்கு வேண்டியது சரிகையில் உள்ள வெள்ளி. பட்டு நெருப்புக்குப் போய்விடும். எனக்கு மனம் வரவில்லை. கோகோ ஷனேல் 1954இல் பாரிஸில் தன் ஆடை நிலையத்தை மறுபடி திறந்தபின் உலகமெங்கும் பேர்பெற்றது, கழுத்துப்பட்டி இல்லாத அந்தக் குட்டைக் கோட்டு. அதன்மேல் எனக்கு நெடுநாள் ஆசை. இந்தப் பட்டில் அதைத் தைப்பது என்று முடிவு செய்தேன்.

அந்தக் கோட்டைப் பார்க்கிறவர்கள் பொத்தானையும் ஓரப் பின்னலையும் பார்ப்பார்கள். அதன் உயிர் உள்ளே இருக்கிறது. உள்துணியை மேல்துணியோடு நெடுக்குவாட்டில் வரிவரியாகத் தைத்து இணைத்துவிடுவார்கள். இரண்டும் ஒரே துணிபோல் அசையும். நைந்த பட்டுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. மெல்லிய பருத்தித் துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகு காயவைத்துத் தேய்த்து, அதன்மேல் பட்டை விரித்தேன். உறுதியான இடங்களில் வரிகளை அகலமாக விட்டேன். பட்டு விட்டுப்போன இடங்களில் நெருக்கமாக ஓட்டினேன். சரிகைக் கரையைத் துண்டு போடாமல் முன்திறப்பின் இரண்டு ஓரத்திலும் நேராக இறங்கும்படி வைத்தேன்.

அந்தக் கோட்டின் கீழ் ஓரத்தில், உட்புறமாக, ஒரு மெல்லிய சங்கிலி சுற்றி வரும். கோட்டு மேலேறாமல் நேராகத் தொங்குவதற்கான எடை அது. நான் சிதம்பரம் கவரிங் சங்கிலி ஒன்றை வாங்கி, கண்ணி கண்ணியாகப் பிடித்துக் கையால் தைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த என் பெரியம்மா, "நாம் புடவைக்கு ஃபால்ஸ் வைக்கிறோமே, அதே வேலைதானே இது?" என்றார். அதேதான். கொசுவம் விழுந்து நிற்பதற்கு நம் வீடுகளில் தைக்கும் அந்தப் பட்டையும் பாரிஸ் சங்கிலியும் செய்வது ஒரே காரியம்.

பார்த்துச் செய்கிறவர்கள் தேட வேண்டியது இதைத்தான் என்பேன். படத்தில் தெரியாத எது உடையைத் தாங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் நம் விருப்பம்.

மதுரையிலிருந்து:

அக்கா, நீங்கள் சொன்னதை எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தவர் ஒரு வயதான தையல்காரர். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபம் பலருக்கும் தெரிந்திருக்கும். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. நான் படித்த காலத்தில் அங்கே சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் சட்டையை மாதிரிக்குக் கொடுத்துவிட்டு ஊர் சுற்றிப் பார்த்துத் திரும்புவதற்குள், அதே சட்டை வேறு துணியில் தயாராகிவிடும். இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்தத் தையல்காரரிடம் ஒரு படத்தைக் காட்டினேன். 1965இல் ஈவ் சான் லோரான் செய்த உடை. ஓவியர் மோந்திரியானின் வண்ணக் கட்டங்களை அப்படியே உடையாக்கியிருப்பார். வெள்ளைப் பரப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள், நடுவே கறுப்புக் கோடுகள். எனக்கு அதைப்போல் ஒரு குர்த்தா வேண்டும். வெள்ளைத் துணியில் கறுப்பு நாடாவை வைத்துத் தைத்துவிடலாம் என்பது என் எண்ணம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் படத்தைப் பார்த்தார். பிறகு, "இந்தக் கோடு மேலே வைத்ததா, நடுவில் இணைத்ததா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார்: "மேலே வைத்திருந்தால் உடம்பின் வளைவுக்குப் பிடி எடுத்த தையல் எங்கேயாவது தெரிந்திருக்கும். இதில் ஒன்றுமே தெரியவில்லை. பிடியெல்லாம் கோட்டுக்குள் போயிருக்கிறது."

பிற்பாடு படித்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. அந்த உடையில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனித் துண்டு. சேர்ப்புத் தையலும் வளைவுகளும் கோடுகளில் ஒளிந்திருக்கின்றன. பாரிஸில் செய்த ஒரு நுட்பத்தை அச்சடித்த படத்தை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொன்ன அந்தக் கண்ணை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு.

கைத்தறிப் பருத்தியில் தைத்தேன். செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: சிவப்பையும் நீலத்தையும் தனித்தனியாக அலசி, தண்ணீர் தெளியும் வரை விடாதீர்கள். பக்கத்திலேயே வெள்ளை இருக்கிறது.

சென்னையிலிருந்து:

என் பங்குக்கு ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் துணியில் செய்யும் பூவேலை. கொல்கத்தா வடிவமைப்பாளர் சப்யசாச்சி முகர்ஜி செய்யும் நீளக்கை ரவிக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். வேலைப்பாடு நெருக்கமாக இருக்கும், ஆனால் கண்ணைப் பறிக்காது. சரிகை பழுத்த நிறத்தில் இருக்கும். அந்த நிறம் வேண்டும் என்று சௌகார்பேட்டை நாராயண முதலி தெருவில் கடைகடையாக ஏறி இறங்கினேன். எல்லாரும் பளிச்சென்ற தங்கச் சரட்டையே எடுத்துப் போட்டார்கள். ஒரு கடையில் மட்டும் ஒரு பெரியவர், "மங்கலாக இருக்கிறது என்று யாரும் எடுப்பதில்லை, அம்மா" என்று அடித்தட்டிலிருந்து ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். நான் தேடியது அதுதான்.

வரைபடத்தைத் துணியில் இறக்குவது எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த கட்டம். டிரேசிங் பேப்பரில் கொடியை வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கொடி முழுவதும் ஒளிப் புள்ளிகளாகத் தெரியும். ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து, பஞ்சில் தொட்டுக் காகிதத்தின்மேல் தேய்த்தால் புள்ளிகள் துணியில் இறங்கிவிடும். மண்ணெண்ணெய் ஆவியாகப் போய்விடும், வெள்ளை நிற்கும். அதன்பிறகு துணியைச் சட்டத்தில் தட்டினால் முரசுபோல் ஒலிக்கும் அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். ஆரி ஊசியின் நுனியில் சிறு கொக்கி இருக்கும். இடது கை துணிக்கு அடியில் நூலைக் கொடுக்க, வலது கை மேலிருந்து கொக்கியால் இழுக்கும்.

ரவிக்கையை வெட்டுவதற்கு முன்பே, அளவு குறித்த முழுத் துணியில்தான் வேலை செய்ய வேண்டும். தையல் வரும் ஓரங்களில் மணி வைக்கக் கூடாது. தையல் ஊசி உடையும். நல்ல கண்ணாடி மணியையே வாங்குங்கள். பிளாஸ்டிக் மணி இஸ்திரிச் சூட்டில் உருகிவிடும். எதுவானாலும் துண்டை விரித்து, ரவிக்கையைக் கவிழ்த்துப் போட்டு, உட்புறமாகத் தேய்ப்பது நல்லது.

கோவை அக்கா சொன்ன 'தாங்குவது' இங்கேயும் உண்டு. வேலைப்பாட்டின் கனத்தில் அகலமான பின்கழுத்து தோளிலிருந்து நழுவும். முதுகில் கட்டும் நாடாவும் அதன் நுனியில் தொங்கும் குஞ்சமும் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். என் ஆரி ஆசிரியை நாடாவை ஒருமுறை அவிழ்த்துக் காட்டினார். இரண்டு தோளும் உடனே இறங்கிவிட்டன.

சேலத்திலிருந்து:

எல்லாவற்றையும் ஆசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் சுடுமண் ஜிமிக்கி செய்து பார்க்கிறேன். வீட்டு மின்அடுப்பில் வைத்து எடுத்தேன். பார்க்க நன்றாக இருந்தது. மழையில் நனைந்ததும் கரைந்துவிட்டது. யாருக்காவது வழி தெரியுமா?

நாகர்கோவிலிலிருந்து:

சுடுமண் எனக்குத் தெரியாது, தங்கச்சி. எங்கள் ஊர் நகையைப் பற்றிச் சொல்கிறேன்.

வடசேரியில் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. முறையாகச் செய்தால் வெள்ளிக் கட்டம், உள்ளே அரக்கு, அதன்மேல் சிவப்பும் பச்சையுமாகக் கல், கல்லைச் சுற்றித் தங்கத் தகடு. பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகள் அணியும் தலைசாமான், சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி எல்லாம் இந்த வழியில் வந்தவையே. என் மகளின் அரங்கேற்றத்துக்கு முழுத் தொகுப்பு வாங்க எங்களால் முடியவில்லை. தலைசாமானை மட்டும் வாங்கிவிட்டு, அட்டிகையையும் ஜிமிக்கியையும் தனிக் கெம்புப் பூக்கள் வாங்கி நானே கோத்தேன். கியர் ஒயரில், அதாவது பூச்சிட்ட மெல்லிய எஃகுக் கம்பியில், கோத்தால் கனம் தாங்கும். சாதாரண நரம்பு நாளடைவில் இழுபட்டு இடைவெளி விழும். வளையக் கண்ணியைத் திறக்கும்போது இரு பக்கமும் விரிக்காமல், இரண்டு மூக்குக் குறடால் ஒரு நுனியை முன்னாலும் மறு நுனியைப் பின்னாலும் திருக வேண்டும். அப்போதுதான் மூடும்போது வட்டம் கெடாது.

ஒத்திகையில் மகள் காது வலிக்கிறது என்றாள். ஜிமிக்கியைச் சிறியதாக்கலாம் என்று வடசேரியில் ஓர் ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் நகையைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "மாட்டலை எங்கே பிடித்திருக்கிறீர்கள்?" என்றார். ஜிமிக்கியிலிருந்து தலைமுடிக்குப் போகும் அந்தச் சங்கிலியை நான் முடியில் சும்மா செருகியிருந்தேன். மாட்டலைக் காதுக்கு நேர் மேலே, பின்னலின் அடிமுடியில், இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்றார். ஜிமிக்கியின் பாதிக் கனத்தை அது தூக்கிக்கொள்ளும். அப்படியே செய்தோம். அவள் ஆடி முடிக்கும் வரை காதைத் தொடவே இல்லை.

திருப்பூரிலிருந்து:

நான் வீட்டிலிருந்து தைத்து விற்கிறேன். 'பார்த்துச் செய்வது' எதுவரை என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வரும். ஒரு வாடிக்கையாளர் கைப்பை ஒன்றைக் காட்டி, "இதே எழுத்து முத்திரை உங்கள் குர்த்தாவின் பொத்தானில் வந்தால் இரண்டு மடங்கு தருகிறேன்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம். ஆனால் பிறர் முத்திரையைப் போட்டு விற்பது வணிகச் சின்னச் சட்டப்படி குற்றம். அதைவிட, இரவெல்லாம் உட்கார்ந்து நான் தைத்த உடை இன்னொருவர் பெயரில் நடமாடுவதை என்னால் ஏற்க முடியாது.

முத்திரை இல்லாமல் வடிவத்தை மட்டும் எடுத்தாலும் கவனம் வேண்டும். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்த வடிவத்துக்கு 10 ஆண்டும், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதிவு செய்யாமல், தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும். இதை நம் பெண்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். பிறருடையதை எடுக்கும்போது மட்டுமல்ல, சொந்தமாக ஒன்றை உருவாக்கி அது நன்றாக ஓடத் தொடங்கும்போதும் இது உதவும். என் பக்கத்துத் தெருப் பெண் வரைந்த ஒரு வடிவத்தை ஒரு பெரிய கடை எடுத்துப் போட்டு விற்றது. அவள் எதையும் பதிவு செய்து வைத்திருக்கவில்லை. எங்கே போய்க் கேட்பாள்?

விழுப்புரத்திலிருந்து:

சேலம் தங்கைக்கு: மின்அடுப்புச் சூடு போதவே போதாது. அது ஈரத்தை மட்டும் உலர்த்தும். களிமண் மறுபடி கரையாத பொருளாக மாற 600 டிகிரிக்கு மேல் வேண்டும். என் பாட்டி வீட்டுப் பக்கம் குயவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய சூளையில், பானைகளின் இடுக்கில், என் நகைகளை ஒரு சட்டியில் போட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார். காசு வாங்கவில்லை. நகை எப்படி வந்தது என்று மறக்காமல் காட்ட வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

மண்ணை நன்றாகப் பிசைந்து காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். நிழலிலேயே காயவிடுங்கள்; வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் முந்திக்கொண்டு சுருங்கி வெடிக்கும். ஜிமிக்கியின் குடையை மெல்லியதாக எடுங்கள், காதுக்குச் சுமை குறையும். உருண்டை மணி செய்தால் உள்ளே குடைந்து ஒரு துளை விடுங்கள். மிச்ச ஈரம் ஆவியாக வெளியேற வழி வேண்டும். சூளையில் காற்று தாராளமாக இருந்தால் மண் செம்மையாக வரும். மூடிப் புகையவிட்டால் கறுப்பாக வரும். என்னிடம் இரண்டும் இருக்கிறது. கறுப்பு ஜிமிக்கியை மஞ்சள் சுங்குடிப் புடவைக்குப் போட்டால், கழுத்தில் எதுவும் வேண்டியதில்லை. வண்ணம் பூச ஆசைப்பட்டால் சுட்டு ஆறிய பிறகு அக்ரிலிக் பூசுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

சேலத்துக்குப் பக்கத்தில் யாரும் சூளை வைத்திருக்கவில்லை என்றால் பஞ்சில் சுற்றி எனக்கு அனுப்புங்கள். அவர் அடுத்த சூளை போடும்போது என்னுடையதோடு சேர்த்து வைத்துவிடுகிறேன்.